செத்த காலேஜில் படம் எடுக்கக் கூடாதாம்!

மக்களே, ரெண்டு வாரமா ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் கம்மி. அதனால ரொம்ப நாளா தொண்டையில சிக்கிக்கிட்டிருந்த ஒரு விஷயத்தை இன்னிக்கு எழுதியே தீர்றதுன்னு உக்காந்திருக்கேன். நீளமான பதிவு. பாதியில ஓடிப் போறவங்களுக்காக சாராம்சத்தை முதல்லயே சொல்லிடறேன். நம்ம ஊர் சின்னச் சின்ன மியூசியங்கள்ல தொங்குற 'புகைப்படம் எடுக்கக் கூடாது' போர்டு இதுவரைக்கும் ஒரு பொருளையும் காப்பாத்தினதில்லை. உள்ளே இருக்கிற வரலாறு வெளியே வராம பாத்துக்கிறது மட்டும்தான் அது செய்யற வேலை. அதைக் கழட்டணும்.

பழைய மெட்ராஸ்காரங்க எழும்பூர் மியூசியத்துக்கு வெச்ச பேரு 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. ரெண்டும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்கதான். 1851-ல் மெட்ராஸ் மியூசியத்துக்கு முதல் பொறுப்பாளரா வந்த எட்வர்ட் பால்ஃபர்ங்கிற டாக்டர்தான் 1855-ல் அதே வளாகத்துல மிருகங்களையும் கொண்டு வந்து வெச்சார். உயிர் காலேஜ் அப்புறம் வேற இடத்துக்குப் போயி இன்னிக்கு வண்டலூர்ல இருக்கு. அங்கே போறவன் குரங்கு, புலி, பக்கத்துல நிக்கிற மச்சினன் எல்லாத்தையும் படம் எடுத்துட்டு வர்றான். செத்த காலேஜ் வகையறாவுல மட்டும்தான் இந்தக் கெடுபிடி. உயிரோட இருக்கிற புலிக்கே பிரச்சினை இல்லையாம், 1,200 வருஷமா வெயில்லயும் மழையிலயும் கிடந்த கருங்கல்லுக்கு என் போனைப் பாத்தா ஆகாதாம்.

ஊருக்கு ஊர் சட்டம் வேற மாறுது. ஒரு இடத்துல காமிராவுக்குத் தனி டிக்கெட்டு வாங்கினா எடுத்துக்கலாம். இன்னொரு இடத்துல போன்ல எடுக்கலாம், 'பெரிய காமிரா' கூடாது. (என் போன்ல இருக்கிற லென்சு என் பழைய காமிராவை விட நல்லா எடுக்கும்னு அவங்க கிட்ட சொல்லி நான் ஏன் வம்பை விலைக்கு வாங்கணும்.) மூணாவது இடத்துல எதுவுமே கூடாது. ஏன்னு கேட்டா மூணு இடத்துலயும் ஒரே பதில்தான்: "ரூல்ஸ் சார்." எந்த ரூல்ஸ், எந்த வருஷத்து உத்தரவு, யார் கையெழுத்து? அதை மட்டும் யாரும் காட்ட மாட்டாங்க.

நான் பெங்களூர்ல பொட்டி தட்டுறவன். ஊருக்குப் போற வழியில வட தமிழகத்துல ஒரு மாவட்டத் தலைநகர். பேர் வேண்டாம், அங்கே வேலை பாக்குறவங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த ஊர் மியூசியத்துல ஏழெட்டு நடுகல் இருக்கு. நடுகல் தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி: மாடு பிடிக்க வந்தவங்களோட சண்டை போட்டுச் செத்தவனுக்கு ஊரே சேந்து நட்டு வெச்ச கல். கையில வில்லும் வாளும், உடம்புல தைச்ச அம்பு, காலடியில மாடு, தலைக்கு மேல வட்டெழுத்து. அரசன் பேரு, எத்தனையாவது ஆட்சி வருஷம், எந்த ஊரு, யாரோட ஆளு, எதுக்காகப் பட்டான், எல்லாம் நாலஞ்சு வரிக்குள்ள வந்துரும். 'பட்டான்' என்றால் செத்தான். பெரிய கோயில் கல்வெட்டெல்லாம் நிலத்தையும் நெய்யையும் கணக்கு வெச்சுக்கிட்டிருந்தப்ப, பேர் தெரியாத ஒரு மாட்டுக்காரனோட பேரை எழுதி வெச்சது இந்தக் கல்லுங்கதான். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூர்ல மகேந்திரவர்மப் பல்லவன் காலத்து நடுகல் ஒண்ணு இருக்கு. அதுல செத்தவன் பேரோட, திருடனைக் கடிச்சுக் காவல் நின்ன நாய்க்கும் பேர் எழுதி வெச்சிருக்காங்க. கோவிவன். ஏழாம் நூற்றாண்டு நாயோட பேர் நமக்குத் தெரியுது சாமியோவ்! எப்படித் தெரியுது? யாரோ ஒருத்தர் அந்தக் கல்லுக்கு முன்னாடி உக்காந்து எழுத்தைப் படிச்சதனால.

நான் போன மியூசியத்துல ஒரு கல்லு எங்க தாத்தா ஊருக்குப் பக்கத்து ஊர்ல இருந்து வந்தது. எனக்கு அது அம்மா சொல்லித் தெரியும், மியூசியம் சொல்லித் தெரியாது. அவங்க வெச்ச அட்டையில இருந்தது இவ்வளவுதான்: "நடுகல், கி.பி. 9-ம் நூற்றாண்டு." எந்த ஊர்னு இல்லை. என்ன எழுதியிருக்குன்னு இல்லை. செத்தவன் பேர் இல்லை. அவன் பேர் மறந்துடக் கூடாதுன்னுதான் அந்தக் கல்லையே நட்டாங்க. அதைப் பேத்து எடுத்துட்டு வந்து, டைல்ஸ் போட்ட ஹால்ல நிக்க வெச்சு, பேரை மட்டும் விட்டுட்டாங்க.

வட்டெழுத்து படிக்கத் தெரிஞ்ச ஒரு நண்பருக்கு அனுப்பலாம்னு போனை எடுத்தேன். காவலர் வந்துட்டார். "தம்பி, போனை உள்ள வைங்க."

"அண்ணே, ஃபிளாஷ் போட மாட்டேன். ஒரே ஒரு படம். எழுத்தைப் படிக்கத்தான்."

"எனக்குத் தெரியாது தம்பி. எடுத்தா என்னைத்தான் கேப்பாங்க."

அவரைச் சொல்லிக் குத்தமில்லை. ஆபீஸ் ரூம்ல இருந்தவரு பொறுமையாத்தான் பேசினார். காப்பாட்சியர் லீவுல இருக்கார், நீங்க எதுக்கும் சென்னைக்கு எழுதிப் போடுங்க, என்ன காரணத்துக்காகப் படம் வேணும்னு விவரமாப் போடுங்க, அனுமதி வந்தா எடுத்துக்கலாம். சென்னைக்கு எழுதணுமாம்! அந்தக் கல்லு நூறு வருஷத்துக்கு முன்னாடி எங்க தாத்தா ஊர் ஏரிக்கரையில நின்னப்ப, எருமை முதுகைத் தேய்க்கக்கூட எவன் அனுமதியும் தேவைப்படலை.

சரி, காரணம் என்னதான் சொல்றாங்கன்னு பாப்போம். நான் இதுவரைக்கும் கேட்டது மொத்தம் நாலு.

ஒண்ணு, ஃபிளாஷ் வெளிச்சம் பொருளைக் கெடுக்கும். இதுல பாதி நியாயம் இருக்கு, மறைக்கலை. துணி, ஓவியம், பழைய காகிதம் இதெல்லாம் வெளிச்சத்துல சாயம் வெளுக்கும். பாதுகாப்பு படிச்சவங்க அதுக்கு 50 லக்ஸ் அளவுதான் வெளிச்சம் இருக்கணும்னு கணக்கு வெச்சிருக்காங்க. கல்லு, வெண்கலம், மண்பானைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அப்ப என்ன செய்யணும்? ஃபிளாஷ் கூடாதுன்னு எழுதணும். காமிராவே கூடாதுன்னு எழுதறது, சத்தம் போடாதேன்னு சொல்றதுக்குப் பதிலா வாயைத் தைச்சுக்கிட்டு வான்னு சொல்ற மாதிரி. இன்னொரு வேடிக்கை. அதே மியூசியத்துல ஓலைச்சுவடி வெச்சிருந்த கண்ணாடிப் பெட்டி நேரா ஜன்னலுக்கு எதிர்ல. மதியம் மூணு மணி வெயில் சுவடி மேல சாஞ்சு படுத்துக்கிட்டிருந்தது. சூரியனுக்கு யாரும் போர்டு வைக்கலை போல :-)

ரெண்டாவது, காப்புரிமை. இதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நம்ம 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டப்படி படைச்சவன் செத்து 60 வருஷம் வரைக்கும்தான் உரிமை. பல்லவர் காலத்துச் சிற்பி செத்து எத்தனை 60 வருஷம் ஆச்சுன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. அதையும் விடுங்க. பொதுமக்கள் வந்து போற இடத்துல நிரந்தரமா வெச்சிருக்கிற சிற்பத்தைப் படம் எடுக்கறதும் வெளியிடறதும் மீறல் ஆகாதுன்னு அதே சட்டத்துல 52-ம் பிரிவு தெளிவாவே சொல்லுது. இந்தக் காரணத்தைச் சொல்றவங்க யாரும் சட்டத்தைத் திறந்து பாத்ததில்லைங்கறது என் துணிபு.

மூணாவது காரணத்தை யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க. கொஞ்சம் பேச்சுக் கொடுத்தா வரும். "நாங்க இன்னும் பப்ளிஷ் பண்ணலை, வெளியாள் எவனாவது முந்திப் போட்டுட்டா?" எனக்கு உண்மையிலயே பத்திக்கிட்டு வர்ற இடம் இதுதான். அரசாங்கச் சம்பளத்துல, அரசாங்கக் கட்டடத்துல, ஊர்க்காரன் ஏரிக்கரையில இருந்து எடுத்த கல்லை வெச்சுக்கிட்டு, நாங்க எழுதற வரைக்கும் யாரும் பாக்கக் கூடாதுன்னா எப்ப எழுதுவீங்க? ஆதிச்சநல்லூரை எடுத்துக்கங்க. 2004-05-ல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டினது. முழு அறிக்கைக்காக நாம 15 வருஷத்துக்கு மேல காத்துக்கிடந்தோம், வழக்கு ஹைகோர்ட் வரைக்கும் போச்சு. ஒரு தலைமுறைக்கே தெரியாம ஒரு பொருளைப் பூட்டி வைக்கறதுக்கும் அது கிடைக்காமலே மண்ணுக்குள்ள இருந்ததுக்கும் என்ன வித்தியாசம்? மண்ணுக்குள்ளயாவது செலவில்லாம இருந்திருக்கும்.

நாலாவது, பாதுகாப்பு. படம் எடுத்துட்டுப் போயி திருடறவன் திட்டம் போடுவான். கேக்கறதுக்கு ரொம்பப் பொறுப்பான காரணம் மாதிரி இருக்கும். உங்கள்ல பல பேர் இதுக்குத்தான் தலையாட்டுவீங்க. அதனால இதைக் கொஞ்சம் விரிவாவே பேசணும்.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான். சோழர் காலத்துச் சிவன் கோயில், பூசை நின்னு பூட்டிக் கிடந்தது. உள்ளே இருந்த வெண்கல நடராசரை யாரும் படம் எடுத்துட்டு இருக்கலை, யாரும் பாக்கவே இல்லை. போர்டு வெச்சவங்க கனவு காணுற மாதிரியான பூரண பாதுகாப்பு. நடந்தது என்ன? திருடிட்டாங்க. 2008-ல் ஆஸ்திரேலியாவோட தேசிய கலைக்கூடம் அவரைச் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கி வெச்சது. வித்தது சுபாஷ் கபூர்ங்கிற நியூயார்க் வியாபாரி. 'பழைய சொந்தக்காரர்' பேரு போட்டு போலிக் காகிதமெல்லாம் பக்காவா இருந்தது. அப்புறம் எப்படி அது நம்ம நடராசர்னு நிரூபிச்சாங்க? போட்டோ. பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956-ல் இருந்து தென்னிந்தியக் கோயில்களை ஒண்ணு விடாம படம் எடுத்து வெச்சிருக்காங்க, ஒரு லட்சத்துக்கும் மேல. அந்தக் குவியல்ல இந்த நடராசரும் இருந்தார். ரெண்டு படத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா, கையால வார்த்த வெண்கலத்துல இருக்கிற தேய்மானமும் குறையும் அச்சு அசலா ஒத்துப் போச்சு. 2014 செப்டம்பர்ல ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் தில்லிக்குக் கொண்டு வந்து கையில கொடுத்துட்டுப் போனார். விருத்தாசலத்து அர்த்தநாரீசுவரரும் அதே பயணத்துல திரும்பி வந்தார்.

இந்த மாதிரி சிலைகளைத் துரத்திக் கண்டுபிடிக்கறதுல முக்கியமான ஆள் எஸ். விஜய்குமார். அவர் போலீஸ் இல்லை, தொல்லியல் அதிகாரியும் இல்லை. சிங்கப்பூர்ல கப்பல் துறை வேலை, ராத்திரியில சிற்பங்களைப் பத்தி வலைப்பதிவு. அதாவது நம்ம ஜாதி! ஆபீஸ் முடிஞ்சு வந்து பதிவு எழுதறவன். ஊர் ஊரா ஆர்வலருங்க எடுத்த படங்களைச் சேத்து வெச்சுக்கிட்டு, வெளிநாட்டு ஏலக் கம்பெனியோட புத்தகத்துல வர்ற சிலையோட ஒப்பிட்டுப் பாக்கறதுதான் அந்த வேலையே. இப்ப சொல்லுங்க, படம் இருந்ததனால திருடு போச்சா, படம் இருந்ததனால திரும்பி வந்துச்சா?

சிவபுரம் நடராசர் கதையையும் சேத்துக்கங்க. 1950-கள்ல பழுது பாக்கறேன்னு ஸ்தபதி கிட்ட கொடுத்த சிலைக்குப் பதிலாப் போலி திரும்பி வந்துச்சு. கோயில்ல வருஷக்கணக்கா போலிக்குத்தான் பூசை. பிரிட்டிஷ் மியூசியத்து டக்ளஸ் பாரெட் 1965-ல் எழுதின புத்தகத்துலதான் கோயில்ல இருக்கறது அசல் இல்லைன்னு வெளிச்சத்துக்கு வந்தது. அசல் அமெரிக்காவுல நார்ட்டன் சைமன் கைக்குப் போயி, வழக்காகி, 1986-ல்தான் திரும்பி வந்தது. தினம் பாக்குற ஊர்க்காரனுக்கே வித்தியாசம் தெரியலைன்னா, ஒப்பிட்டுப் பாக்க ஊர்க்காரன் கையில ஒரு நல்ல படம் இல்லைன்னு அர்த்தம். இன்னிக்கு ஒரு மாவட்ட மியூசியத்துல ஒரு சின்ன வெண்கலத்தை எடுத்துட்டு அதே உயரத்துல இன்னொண்ணை வெச்சா கண்டுபிடிக்க வெளியில எத்தனை பேர் கிட்ட படம் இருக்கு? போர்டு ஒழுங்கா வேலை செஞ்சிருந்தா பூஜ்யம். திருடனுக்கு இதை விட நல்ல போர்டை எவனும் எழுதிக் கொடுக்க முடியாது.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச முரண் ஒண்ணு இருக்கு. நம்ம ஊர் மியூசியத்துக்குள்ள காமிரா நுழைஞ்சது 1858-லேயே! கேப்டன் லினியஸ் ட்ரைப்னு ஒருத்தர், மெட்ராஸ் மாகாண அரசோட அதிகாரபூர்வப் புகைப்படக்காரர். மதுரை, தஞ்சாவூர், ஸ்ரீரங்கம், புதுக்கோட்டைன்னு மாட்டு வண்டியில பெட்டி பெட்டியா சாமான் ஏத்திக்கிட்டுச் சுத்தினவர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தோட அடியில ஓடுற கல்வெட்டை ஒவ்வொரு துண்டா எடுத்து, 21 படத்தை ஒட்டி, சுமார் 20 அடி நீளத்துக்கு ஒரே சுருளா ஆக்கினார். நம்ம போன்ல 'பனோரமா'ன்னு ஒரு பட்டன் இருக்கே, அதை 1858-ல் கையால பண்ணியிருக்கார் மனுஷன். அதே வருஷம் மெட்ராஸ் மியூசியத்துல இருந்த அமராவதிச் சிற்பங்களை வரிசையா நிக்க வெச்சுப் படம் எடுத்தார். அடுத்த வருஷமே அதுல பெரும்பகுதியைக் கப்பலேத்தி லண்டனுக்கு அனுப்பிட்டாங்க. மெட்ராஸ்ல அந்தச் சிற்பங்கள் எந்த நிலைமையில இருந்துச்சுன்னு இன்னிக்கு ஆராய்ச்சி பண்றவங்க தேடிப் போறது அந்தப் படங்களைத்தான். வெள்ளைக்காரன் கொண்டு போனதைப் பத்தித் தனியா ஒரு பதிவு திட்டலாம், அது இருக்கட்டும். கம்பெனி ஆட்சிக்காரன் முறையாப் படம் எடுத்து வெச்சுட்டுத்தான் கொண்டு போனான். சுதந்திர இந்தியாவுல நம்ம சொந்தக் கல்லை நாமளே எடுக்கக் கூடாதுன்னு நாமளே போர்டு வெச்சிருக்கோம்.

இப்ப தொழில்நுட்பம். பொட்டி தட்டுறவன் பதிவுல இது இல்லாமப் போகுமா? அந்த நடுகல்லுக்கு ஏன் படம் அவசியம்னு சொல்றேன். தேஞ்சு போன எழுத்து ஒரு மில்லிமீட்டர் ஆழம்கூட இருக்காது. தலைக்கு மேல டியூப்லைட் எரிஞ்சா நேரா நின்னு எவ்வளவு நேரம் முறைச்சாலும் ஒண்ணும் தெரியாது, மொட்டைக் கல்லு. அதே கல்லுக்குப் பக்கவாட்டுல, மேற்பரப்பை உரசுற மாதிரி ஒரு டார்ச்சைப் பிடிங்க. ஒவ்வொரு பள்ளமும் நிழல் விழுந்து எழுத்து எந்திரிச்சு நிக்கும். காலையிலயும் சாயங்காலமும் கோயில் சுவர்ல கல்வெட்டு நல்லாத் தெரியறதும் இதே காரணத்தாலதான். இதை இன்னும் ஒரு படி மேல கொண்டு போனவங்க 2001-ல் ஹெச்.பி. ஆய்வுக்கூடத்துல டாம் மால்ஸ்பெண்டர் குழு. காமிராவை அசைக்காம வெச்சுக்கிட்டு, விளக்கை மட்டும் ஒவ்வொரு பக்கமா நகத்தி நிறையப் படம் எடுத்துருவாங்க. அப்புறம் கம்ப்யூட்டர்ல மவுசை நகத்தினா வெளிச்சம் நகரும், நீங்க வேணுங்கிற கோணத்துல நிழலை விழ வைக்கலாம். 2005-ல் ஏதென்ஸ் மியூசியத்துக்கே போயி, கடலுக்கடியில கிடந்து துருப்பிடிச்ச ஆன்டிகித்தெரா எந்திரத்தை இந்த முறையில படம் எடுத்தாங்க. எக்ஸ்ரேயும் இதும் சேந்து, அதுக்கு முன்னாடி யாரும் படிக்காத எழுத்தெல்லாம் வெளியே வந்துச்சு. இந்த முறையோட சுருக்கப் பேரு ஆர்.டி.ஐ. தகவல் அறியும் உரிமைச் சட்டம் இல்லைங்க, இது வேற. ஆனா நம்ம ஊர்ல இந்த ஆர்.டி.ஐ.யைச் செய்ய முதல்ல அந்த ஆர்.டி.ஐ. போட வேண்டியிருக்கும் போல.

துறைக்காரங்க காலங்காலமாச் செய்யற 'படி எடுக்கறது' எப்படின்னு பாத்திருக்கீங்களா? கல்லைக் கழுவி, ஈரக் காகிதத்தை ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி எழுத்துக்குள்ள இறக்கி, மேல மையை ஒத்துவாங்க. அருமையான முறை, அதுல வந்த படிகள் இல்லைன்னா நமக்குப் பாதிச் சோழ வரலாறு கிடையாது. ஆனா அதுல கல்லைத் தொட்டாகணும், தட்டியாகணும். காமிரா தூரத்துல நிக்குது. எது கல்லுக்கு நல்லதுன்னு நான் சொல்லணுமா?

நான் குடியிருக்கிற பெங்களூர்ல இதை நடத்திக் காட்டியிருக்காங்க. ஹெப்பாள்ல கிட்டய்யான்னு ஒரு வீரனோட நடுகல், சுமார் கி.பி. 750, 2018-ல் வெளிச்சத்துக்கு வந்தது. நகரத்துல இருக்கிற கல்வெட்டுகளை எல்லாம் தேடிப் பிடிச்சு, மித்திக் சொசைட்டி மூலமா முப்பரிமாண ஸ்கேன் எடுத்துக்கிட்டிருக்காங்க. முன்னாடி நிக்கறது உதயகுமார்ங்கிற இன்ஜினியர். தொமலூர் பக்கம் இருக்கிற தமிழ்க் கல்வெட்டுகளும் அந்த வேலையில அடக்கம். ஐ.டி. கம்பெனிக்காரன் தினம் பைக்ல தாண்டிப் போற ஏரியாவுக்கு ஆயிரம் வருஷப் பேர் இருக்குன்னு இப்ப அவனுக்குத் தெரியுது. நம்ம பக்கத்துல அதே மாதிரி ஒரு ஆள் கிளம்பினா மொத மியூசியத்து வாசல்லயே போனை உள்ள வைக்கச் சொல்லிருவாங்க.

இத்தனைக்கும் பெரிய இடத்துல எல்லாம் கதவு திறந்தாச்சு. மத்தியத் தொல்லியல் துறையே 2018 ஜூலையில தடையை எடுத்துருச்சு. அஜந்தா குகை, லே அரண்மனை, தாஜ்மகால் கல்லறைக்குள்ள, இந்த மூணைத் தவிர தன்னோட நினைவுச் சின்னங்கள் எல்லாத்துலயும் எடுத்துக்கலாம்னு உத்தரவு போட்டது. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியம் 2017-ல் 3,75,000 படங்களை யார் வேணும்னாலும் எதுக்கு வேணும்னாலும் எடுத்துக்கங்கன்னு இணையத்துல கொட்டிருச்சு. அதனால ஒரு டிக்கெட்டு குறைஞ்சதா நான் கேள்விப்படலை. படத்தைப் பாத்தவன்தான் நேர்ல வர்றான். நம்ம ஊர் மியூசியத்துக்கு நான் போன அன்னிக்கு உள்ளே நானும், மாமா பையனும், வெயிலுக்கு ஒதுங்கின ஒரு ஜோடியும். மொத்தம் நாலு பேரு.

'நீ எழுத்தைப் படிக்க எடுப்பே, மத்தவன் எல்லாம் சிலை தோள்ல கை போட்டு செல்ஃபி எடுப்பானே'ன்னு கேப்பீங்க. தோள்ல கை போட்டா தடுங்க, தொடாதேன்னு போர்டு வைங்க, மூணுகால் ஸ்டாண்டு கொண்டு வந்து வழியை மறிச்சா வெளியே அனுப்புங்க. எலும்புக்கூடு, ஒரு சமூகம் புனிதமா நினைக்கிற பொருள், இதுக்கெல்லாம் தனியா விதி இருக்கட்டும், ஏத்துக்கறேன். ஆனா செல்ஃபியைக் கேவலமாப் பேசாதீங்க. 2018 செப்டம்பர் 2-ம் தேதி ராத்திரி பிரேசில்ல ரியோ நகரத்துத் தேசிய மியூசியம் எரிஞ்சது. 1818-ல் ஆரம்பிச்சது, 200-வது வருஷம். சுமார் 2 கோடிப் பொருள், பெரும்பகுதி போயிருச்சு. மறுநாளே மியூசியவியல் படிக்கிற மாணவர்கள் ஊரெல்லாம் கேட்டது என்ன தெரியுமா? உள்ளே எடுத்த படம் இருந்தா அனுப்புங்க, செல்ஃபியா இருந்தாலும் பரவாயில்லை அனுப்புங்க. மூஞ்சிக்குப் பின்னாடி மங்கலாத் தெரியற பானையையும் முகமூடியையும் தேடிப் பிடிக்கிற நிலைமை.

அது அங்கே, நமக்கெல்லாம் வராதுன்னு நினைக்க வேண்டாம். 2016 ஏப்ரல் 26 அன்னிக்கு தில்லியில தேசிய இயற்கை வரலாற்று மியூசியம் அப்படியே எரிஞ்சது. 1981-ல் யாழ்ப்பாண நூலகத்துல 97,000 நூல்களை எரிச்சாங்களே, வேற எங்கேயும் பிரதி இல்லாத சுவடிகள் அதுல இருந்துச்சு. பிரதி இருந்ததுக்கும் இல்லாததுக்கும் என்ன வித்தியாசம்னு நமக்கு இன்னொருத்தன் வந்து பாடம் எடுக்க வேண்டியதில்லை. அந்த மாவட்ட மியூசியத்துல நான் பாத்த தீயணைப்பு சிலிண்டர் மேல இருந்த தேதியைச் சொன்னா அவ்வ்வ்னு அழுவீங்க, விடுங்க.

புலம்பிட்டு மட்டும் போறதுக்கு இல்லை இந்தப் பதிவு. நம்மள்ல ஆளுக்கு ஒரு ஊர் இருக்கு, பெரும்பாலான மாவட்டத்துல ஒரு மியூசியம் இருக்கு. அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு அரை நாள் ஒதுக்குங்க. வெள்ளிக்கிழமை போயிடாதீங்க, அரசு மியூசியங்களுக்கு அன்னிக்குத்தான் விடுமுறை. காவலர்கிட்ட சண்டை வேண்டாம், பாவம் அவரு. ஒரு வெள்ளைத்தாள்ல காப்பாட்சியருக்கு மனு எழுதிக் கொடுத்து, ஒப்புகைக் கையெழுத்து வாங்கிக்கங்க. மறுத்தா பத்து ரூபா கட்டணத்தோட தகவல் உரிமை மனு: படம் எடுக்கத் தடைன்னு சொல்ற உத்தரவோட எண், தேதி, நகல் வேணும். கூடவே மியூசியத்துல இருக்கிற பொருட்களோட பதிவேட்டு நகலும் கேளுங்க. நான் ரெண்டையும் கேட்டு அனுப்பிட்டேன். பத்து ஊர்ல இருந்து பத்து மனு போனா, அந்த உத்தரவுன்னு ஒண்ணு இருக்கா இல்லையாங்கறதாவது தெரிஞ்சுரும்.

எடுக்க விடுற மியூசியமா இருந்தா, முன்னாடி ஒரு படம், ரெண்டு பக்கத்துலயும் ஒவ்வொண்ணு, அப்புறம் அட்டையைத் தனியா ஒண்ணு. பொருள் மேல வெள்ளைப் பெயிண்டுல சின்னதா ஒரு எண் எழுதியிருப்பாங்க, பதிவேட்டு எண். அது படத்துல விழுந்தே ஆகணும், நாளைக்கு இந்தக் கல்லுதான் அந்தக் கல்லுன்னு சொல்றதுக்கு அதுதான் சாட்சி. பக்கத்துல ஒரு ஸ்கேலோ பேனாவோ பிடிச்சா அளவு தெரியும். விக்கிமீடியா காமன்ஸ்ல ஏத்துங்க, விவரத்தைத் தமிழ்லயே எழுதுங்க. கல்லு எந்த ஊர்ல இருந்து வந்ததுன்னு அட்டையில இல்லைன்னா அங்கே இருக்கிற பெரியவங்க யாரையாவது கேளுங்க, அநேகமா கூட்டுற அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கும். நடுகல்லா இருந்தா ஃபிளாஷ் வேண்டாம், கூட வந்தவர் போன்ல இருக்கிற டார்ச்சை வாங்கி, இடது பக்கத்துல இருந்து, கல்லோட ஒட்டிப் பிடிக்கச் சொல்லுங்க.